ஒன்பது ராத்தல்

தேவாரம் சந்தைக்கு வந்த சனத்தில் பாதி அன்றைக்கு அழகுமலை முதலாளியின் பருத்தி மண்டி வாசலில் நின்றது. உள்ளே முத்துக்கருப்பன் கோமணத்தோடு தராசுத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பருத்திப் பொதி ஏறுகிற பெரிய பலகைத் தட்டு அது. உத்திரத்தில் தொங்கிக்கொண்டு லேசாக ஆடியது. எதிர்த்தட்டில் எடைக்கல்லை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தான் மண்டியின் எடைக்காரன் கர்ணன். ஐம்பது வயது. வாயில் எந்நேரமும் வெற்றிலை இருப்பதால் அவனிடமிருந்து எண்ணிக்கையைத் தவிர வேறு பேச்சு வராது.

"தொண்ணூத்தாறு," என்றான் கர்ணன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்திருந்த ஹவில்தார் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அவருக்கு மதராஸ் பக்கம். மதுரையிலிருந்து புறப்படும்போது சர்க்கார் எடை மெஷின் ஒன்றும் அவரோடுதான் புறப்பட்டது. வெள்ளைக்காரன் யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று போடி ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டபடியால், இரண்டு பேரும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்தார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் பஸ் மூச்சுவாங்கிப் பின்னால் உருண்டது. ஹவில்தார் தப்பித்தார். மெஷின் கூரையிலிருந்து ஓடைக்குள் போய்விட்டது.

"அதுக்கென்ன சார், என் தராசு சர்க்காருக்கு இல்லாததா?" என்று அப்போது முன்வந்தவர் அழகுமலை முதலாளி. தாலுகா யுத்தக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். சர்க்கார் கொடுக்கிற ராவ்சாகிப் பட்டம் வரப்போகிறது என்று மூன்று வருஷமாகத் தபால்காரனை வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"உயரம் சரி, மார்பு சரி," என்றார் ஹவில்தார். "எடைதான் ஒன்பது ராத்தல் குறையுதுப்பா. நூத்தஞ்சு இருந்தாத்தான் எடுப்போம்."

"சாமி, பட்டாளத்துல மூணு வேளையும் சோறு போடுவாகன்னுதான் வாரேன். அங்கன வந்து ஏத்திக்கிறேன்."

"அதெல்லாம் நடக்காது. ஒடம்பத் தேத்திக்கிட்டு வந்தாத்தான் பட்டாளத்துச் சோறு. அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை உத்தமபாளையம் தாலுகா கச்சேரிக்கு டாக்டர் வர்றார். அன்னிக்கு விட்டா இந்த வருஷம் இல்ல."

பசிக்கிறது என்று பட்டாளத்துக்கு வந்தவனை, போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்புகிற சர்க்காரை என்ன சொல்வது? முத்துக்கருப்பன் தட்டிலிருந்து இறங்கினான். வேட்டியைத் தேடினான்.

"ஏலே முத்துக்கருப்பா," என்றார் முதலாளி சிரித்துக்கொண்டே. "நீயும் உன் பருத்தியும் ஒண்ணுதாண்டா. பாக்க நெறைய இருக்கும், தட்டுல வச்சா நிக்காது."

கூட்டம் சிரித்தது. முத்துக்கருப்பனும் சிரித்தான். உள்ளதைத்தானே சொல்கிறார். அவனுக்கும் மனைவி மொக்கம்மாளுக்கும் ஊருக்குக் கிழக்கே நாலு குறுக்கம் கரிசல் நிலம். வருஷா வருஷம் முதுகு ஒடியப் பருத்தி எடுத்து, பொதி கட்டி, வண்டியேற்றிக் கொண்டுவருவார்கள். மண்டிக்கு வந்தால் எடை நிற்காது. மழை சரியில்லை என்றார்கள், மண்ணில் சத்து இல்லை என்றார்கள், அவன் கைராசி என்றுகூடச் சொன்னார்கள். இந்த வருஷம் பங்குனிக்குமேல் கம்புப் பானையில் கைவிட்டால் அடி தட்டியது. அதனால்தான் பட்டாளம். அவன் போனால் வீட்டில் ஒரு வயிறு குறையும், மாசா மாசம் மணியார்டர் வரும். இது தவறினால் இருவரும் ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலிக்கு மலையேற வேண்டியதுதான். போன வருஷம் மலையேறியவர்களில் பாதிப்பேர் காய்ச்சலோடு இறங்கினார்கள், மீதிப்பேர் இறங்கவே இல்லை.

விஷயம் தெரிந்ததும் மொக்கம்மாளின் அண்ணன் ஒச்சாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மதுரையில் பட்டாளத்து முகாம் ஒன்றுக்குப் பதினோரு நாள் விறகு பிளந்து போட்டவன் அவன். பட்டாளத்தைப் பற்றி அவன் சொல்வதை மறுத்துப் பேச அந்த ஊரில் ஆள் கிடையாது.

"ஒம்போது ராத்தலெல்லாம் ஒரு எடையா மாப்ள? ஒம்போது நாள் வேலை," என்றான். "ஏத்தா மொக்கம்மா, கோழி எத்தனை இருக்கு?"

"மூணு. எல்லாம் முட்டையிடுது அண்ணே."

"முட்டையையும் போடு, கோழியையும் போடு."

மூன்று கோழியும் ஒரு வாரத்தில் முடிந்தது. தொடைக்கறி மாப்பிள்ளைக்கு, மீதி யோசனை சொன்னவனுக்கு. அடுத்த சந்தையன்று மண்டிக்குப் போனார்கள். எடை போடக் கூலி வேண்டாம், இது யுத்த சேவை என்று சொல்லிவிட்டார் அழகுமலை முதலாளி. அப்பேர்ப்பட்ட புண்ணியவான்.

"தொண்ணூத்தேழு," என்றான் கர்ணன்.

மூன்று கோழிக்கு ஒரு ராத்தல். ஒச்சாண்டி தராசுத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மாப்பிள்ளையின் வயிற்றை விரலால் குத்திப் பார்த்தான்.

"திங்கிறதெல்லாம் உள்ள இருக்கிற பூச்சி திங்குது மாப்ள. மொதல்ல அதுகளக் கெளப்பணும்."

மறுநாள் காலையில் அரைப்படி விளக்கெண்ணெய் உள்ளே போனது. அன்று முழுக்க முத்துக்கருப்பன் வீட்டுக்கும் ஓடைக்கரைக்கும் நடந்தான், பிறகு ஓடினான், கடைசியில் ஓடைக்கரையிலேயே தங்கிவிட்டான். பூச்சி போனதோ இல்லையோ, மூன்று கோழியும் போய்விட்டன. அந்த வாரம் கர்ணன் தொண்ணூற்று நான்கு என்றான்.

மொக்கம்மாள் அண்ணனை வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஏத்துறேன், நீ எறக்குற. எம்புருசன் பட்டாளத்துக்குப் போகணுமா, சுடுகாட்டுக்குப் போகணுமா?"

"கோவப்படாத ஆத்தா. இப்ப வயிறு சுத்தமாயிருச்சு. இனிமே போடுறது அப்படியே ஒட்டும். வெதைக்கடலை எங்கன வச்சிருக்க?"

"அது ஆடிக்கு வெதைக்க வச்சது."

"வெதைக்க மாப்ள இருக்கப்போறதில்லையே."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததால் மொக்கம்மாள் குதிரின் வாயைத் திறந்தாள். ஊறவைத்த கடலை விடியலில், வறுத்த கடலை மத்தியானத்தில், வெல்லம் போட்டு இடித்த கடலை சாயங்காலத்தில். வெள்ளாட்டங்குட்டி இரண்டையும் அடித்தார்கள். பசுமாட்டுப் பால் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. முத்துக்கருப்பன் தின்றான். வேர்க்க வேர்க்கத் தின்றான். உழுததுகூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை என்று மனைவியிடம் சொன்னான்.

இதற்கிடையில் ஒச்சாண்டிக்கு வேறொரு கவலை வந்தது. எடை மட்டும் ஏறி என்ன செய்ய? முகாமுக்குப் போன முதல் நாளே ஓட விடுவார்கள். ஓடத் தெரியாமல் இவன் விழுந்து வைத்தால், விறகு பிளந்த இடத்தில் ஒச்சாண்டியின் மரியாதை என்ன ஆவது? ஆகவே விடியற்காலையில் கடலையைத் தின்ன வைத்து, மாப்பிள்ளையின் தலையில் மாவாட்டும் குழவிக்கல்லை ஏற்றி, மலையடிவாரம் வரை ஓட்டிக்கொண்டு போனான். அவன் பின்னால் வந்தது கடன் வாங்கின சைக்கிளில்.

"நெஞ்ச நிமித்து மாப்ள. எதுத்தாப்புல எதிரி நிக்கிறான்னு நெனச்சுக்க."

"எதிரி பின்னால சைக்கிள்ல வாராரு மச்சான்."

மூன்றாம் வாரம் தொண்ணூற்றெட்டு. நான்காம் வாரம் நூறு. ஊருக்கே இப்போது இது மானப் பிரச்சினையாகிவிட்டது. பக்கத்து ஊரில் ஒருவன் நூற்றெட்டு ராத்தல் நின்று, சட்டைப்பையில் பட்டாளத்துச் சீட்டோடு திரிந்துகொண்டிருந்தான். முத்துக்கருப்பன் வீட்டுக்கு ஒரு வீட்டிலிருந்து கேப்பைக் களி வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வந்தது. தாங்களே அரைவயிற்றுக்குச் சாப்பிடுகிற சனம் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் முழுங்கி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்தது. இத்தனை பேர் பார்த்தால் தின்றது எப்படி உடம்பில் ஒட்டும், கண்ணேறுதான் காரணம் என்று மொக்கம்மாள் கதவைச் சாத்திப் பரிமாறினாள். அதனால் ஊருக்குக் கோபம் வந்து களி நின்றுபோனது.

இதில் ஒரு வேடிக்கை. முத்துக்கருப்பனுக்குக் கல்யாணச் சட்டை பொத்தான் போட முடியவில்லை. கயிற்றுக் கட்டில் இரண்டு தடவை அறுந்தது. கன்னம் இரண்டும் உப்பிக் கண் சிறுத்திருந்தது.

"அண்ணே, கண்ணால பாத்தாலே தெரியுதே, ஏறியிருக்காகன்னு," என்றாள் மொக்கம்மாள்.

"ஒன் கண்ணுக்குத் தெரிஞ்சா சர்க்காருக்குப் போதுமா? கல்லுல நிக்கணும்ல. கட்டில் அறுந்தது கயிறு பழசு."

அவளும் ஒத்துக்கொண்டாள். கட்டிய புருஷனைத் தினமும் பார்க்கிற கண்ணைவிட இரும்புக் கல்லுக்கு மதிப்பு அதிகம் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

டாக்டர் வருவதற்கு முந்தின நாள் கடைசித் தடவையாகத் தட்டில் ஏறினான்.

"நூத்திமூணு," என்றான் கர்ணன்.

இரண்டு ராத்தல். வீட்டில் கோழி இல்லை, குட்டி இல்லை, விதை இல்லை. பசு மட்டும்தான் மீதி. ஒச்சாண்டி அதைப் பார்த்த பார்வையைக் கண்டு மொக்கம்மாள் தொழுவத்தின் வாசலில் போய் நின்றுகொண்டாள். முத்துக்கருப்பன் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். பெரிய ஆண்பிள்ளை, வாய்விட்டே அழுதான்.

"குடும்பத்தக் காப்பாத்தப் பட்டாளத்துக்குப் போறேன்னு சொல்லி, குடும்பத்தையே தின்னுட்டேனே மொக்கம்மா."

"விடுங்க மாமா," என்றாள் அவள். "ரெண்டு ராத்தல்தான. என்னமாச்சும் செய்வோம்."

என்னவாவது செய்ய ஒச்சாண்டி இருந்தானே. ஓடையிலிருந்து உருண்டைக் கல் இரண்டு கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் ராத்தலுக்குக் குறையாது. கோமணத்துக்குள் இன்னொரு துணி வைத்து, இரண்டையும் முடிந்து கட்டிவிட்டான். போதாதற்கு, வெள்ளிக்கிழமை காலையில் உத்தமபாளையம் கச்சேரி வாசலில் வைத்து ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு செம்புத் தண்ணீரும் உள்ளே தள்ளினான்.

"எட்டி வச்சு நடக்காத மாப்ள. குனியாத. எது கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

முத்துக்கருப்பன் பொங்கல் பானையைத் தூக்கிப் போகிறவன்போலத் தன்னைத்தானே பத்திரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனான். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். மதுரையிலிருந்து இந்தத் தடவை பத்திரமாக வந்து சேர்ந்திருந்த மெஷின் மூலையில் நின்றது. அதே ஹவில்தார்தான் காகிதத்தைப் பிரித்தார்.

"சார், இவன் போன மாசம் தொண்ணூத்தாறு. எடை குறைன்னு திருப்பி அனுப்பினேன்."

"ஏறு," என்றார் டாக்டர்.

ஏறினான். கண்ணை மூடிக்கொண்டு குலசாமியைக் கும்பிட்டான். மெஷினின் முள் ஓடி நின்றது. டாக்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நூத்தி இருபத்திநாலு."

ஹவில்தார் காகிதத்தை மறுபடி புரட்டினார். ஒச்சாண்டி வாயைப் பிளந்தான்.

"ஒரு மாசத்துல இருபத்தெட்டு ராத்தலா? இது சதை இல்ல, நீர் கோத்திருக்கு," என்று டாக்டர் முத்துக்கருப்பனின் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். குழி விழவில்லை. வயிற்றில் தட்டிப் பார்த்தார். பழமும் தண்ணீரும் பதில் சொல்லின. "எதையும் மறைச்சு வச்சிருக்கியா? கோமணத்த அவுரு."

"ஐயா, அது," என்று ஒச்சாண்டி முன்னால் வருவதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. ஒரு கல் தரையில் விழுந்தது. இன்னொன்று ஹவில்தாரின் கால் விரலில் விழுந்தது.

"சாமி கல்லுங்க," என்றான் ஒச்சாண்டி. "எங்க குலசாமி. வெளியூர் போனா கூடவே வரும்."

ஹவில்தார் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு அந்தக் குலசாமியை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். டாக்டர் முத்துக்கருப்பனைக் கச்சேரியை ஆறு தடவை சுற்றி ஓடவிட்டார். போகவேண்டிய இடத்துக்கும் போய்வரச் சொன்னார். அரைமணி கழித்து, உடம்பில் உயிரைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் அவன் மறுபடி மெஷினில் ஏறினான். கல்லோடு சேர்த்து மானமும் போய்விட்டது, இனி எஸ்டேட்தான் என்று நினைத்துக்கொண்டான்.

"நூத்திப் பதினெட்டு," என்றார் டாக்டர். "இவன் எதுக்குய்யா கல்லக் கட்டிக்கிட்டு வந்தான்? போ, கையெழுத்து வாங்கு."

முத்துக்கருப்பனுக்குக் கையெழுத்து வராது. ஹவில்தார் அவன் கட்டை விரலை மையில் அழுத்தி, காகிதத்தில் பதித்தார். கால் வலிக்காகவோ என்னவோ, கொஞ்சம் பலமாகவே அழுத்தினார்.

"முடிஞ்சுது. இனிமே நீ ராஜா வீட்டு ஆள். ஓடிப்போனா ஜெயில். லாரி நிக்குது, ஏறு."

"இன்னிக்கேயா சாமி?"

"பின்ன, நல்ல நாள் பாப்பாங்களா?"

லாரி கோம்பை, தேவாரம், போடி வழியாக ஆள் ஏற்றிக்கொண்டு போவதால், கச்சேரி வாசலில் காத்திருந்த மொக்கம்மாளும் ஒச்சாண்டியும் தேவாரம் வரை கூடவே வர ஹவில்தார் அனுமதித்தார். லாரியில் புதுச் சிப்பாய்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். சண்டை பர்மாவில் நடக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அந்த லாரியில் முதலில் ஆரம்பித்தது வேறு சண்டை.

"குழவிக்கல்லுதாண்டா மாப்ள ஒன்னத் தேத்துச்சு. எலும்பு கெட்டியாயிருச்சுல்ல. எலும்புதான் எடை."

"வெதைக்கடலைய இடிச்ச கைக்குத் தெரியும், யாரு தேத்துனாகன்னு," என்றாள் மொக்கம்மாள். பிறகு சண்டையை மறந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். "நெசமாவே எடுத்துக்கிட்டாகளா மாமா?"

"எடுத்துக்கிட்டாக."

"சண்டையில முன்னால போயி நிக்காதீக. பின்னாலயே நில்லுங்க. நீங்க வந்துருவீகள்ல?"

"வந்துருவேன். மொத மணியார்டருல வெதை வாங்கிரு," என்றான் அவன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒரு காரியம் தனக்கு நிறைய வந்திருக்கிறது என்பதில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. நூற்றைந்துக்கு நூற்றுப் பதினெட்டு. எந்த வருஷம் அவன் கொண்டுபோனது கேட்டதற்குமேல் நின்றிருக்கிறது?

தேவாரத்தில் மண்டி வாசலில் பந்தல் போட்டு, மேளம் வைத்து, போட்டோக்காரனையும் வரவழைத்திருந்தார் அழகுமலை முதலாளி. சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு செவ்வந்தி மாலை போட்டார். ஒவ்வொரு மாலைக்கும் காமிராவைப் பார்த்தார். முத்துக்கருப்பனின் எடையை ஹவில்தார் சொன்னதும், ஒரு கணம் அவர் கை மாலையோடு அந்தரத்தில் நின்றது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தீகளா? வாரந்தவறாம என் தராசுல ஏறி ஏறியே தேறிட்டான் பய. ராசியான தராசு."

கூட்டம் கை தட்டியது. முத்துக்கருப்பனும் தட்டினான்.

எல்லோரும் லாரியில் ஏறினார்கள். மொக்கம்மாள் கீழே நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் எஞ்சினைக் கிளப்பினான். கடைசியாக முதலாளி அன்பளிப்பாகக் கொடுத்த பொரிகடலை மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தவன் கர்ணன். அதைத் தூக்கி உள்ளே வைக்கும்போது முத்துக்கருப்பன் குனிந்து அவன் தோளைப் பிடித்தான்.

"கர்ணண்ணே, கேட்டீகளா? நேத்து உங்க கையால நூத்திமூணு. இன்னிக்கு டாக்டர் மெஷின்ல நூத்திப் பதினெட்டு. அதுவும் ஓடி எளைச்ச பெறகு. ஒரே நாள்ல எப்படிண்ணே ஏறும்? எனக்கே நம்ப முடியல."

கர்ணன் திரும்பி, முதலாளி போட்டோக்காரனோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டான். வெற்றிலையைத் துப்பினான். லாரி நகர்ந்தது. நாலடி கூடவே நடந்துவந்து, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எண்ணிக்கை அல்லாத ஒரு பேச்சைப் பேசினான்.

"தம்பி, நீ ஏறுனது நாங்க பருத்தி வாங்குற தராசுப்பா. அதுல உன் பருத்தி என்னிக்காச்சும் எடை நின்னுருக்கா?"